கிராம சபையும் கொடைக் கணக்கும்

(விளாத்திகுளத்தில் நடைபெற்ற ஊராட்சிப் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)

 

கிராம சபைக் கூட்டத்தைப் பயனுள்ள முறையில் நடத்துவது எவ்வாறு என்பது பற்றிப் பேசுமாறு என்னைக் கேட்டிருக்கிறார்கள். கூட்டம் நடத்தும் முறையை உங்களுக்கு நான் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. அதை நீங்கள் நன்றாக அறிவீர்கள். அறிந்ததை ஓரிடத்தில் பயன்படுத்துகிறீர்கள், மற்றோரிடத்தில் மறந்துவிடுகிறீர்கள். இன்று நான் சொல்ல விரும்புவது பெரும்பாலும் இதைப் பற்றியதே.

ஊரில் அம்மன் கொடை முடிகிறது. எட்டாம் நாளோ பத்தாம் நாளோ, இரவுச் சாப்பாட்டுக்குப் பின், ஊர்மடத்தில் கணக்குப் பார்க்கக் கூடுகிறார்கள். தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி பிரித்தது, வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் அனுப்பியது, உண்டியலில் விழுந்தது என வரவு முழுவதும் படிக்கப்படுகிறது. பிறகு செலவு. பந்தல் இவ்வளவு, மேளம் இவ்வளவு, ஒலிபெருக்கி இவ்வளவு, எண்ணெய் இவ்வளவு என்று கணக்கு நோட்டை வைத்திருப்பவர் நிறுத்தி நிறுத்திப் படிக்கிறார். "தேங்காய் என்ன விலைக்கு எடுத்தது? சந்தையில் இரண்டு ரூபாய் குறைச்சலாய்க் கிடைத்ததே!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் எழுகிறது. படிப்பவர் கோபித்துக்கொள்வதில்லை. சீட்டை எடுத்துக் காட்டுகிறார். மீதித் தொகை எவ்வளவு, அது யார் கையில் இருக்கும், அடுத்த கொடைக்கு யார் யார் பொறுப்பு என்பதெல்லாம் முடிவான பிறகே ஊர் கலைகிறது. நள்ளிரவானாலும் ஒருவரும் நடுவில் எழுந்து போவதில்லை.

அதே ஊரில், அதே மக்கள், கிராம சபைக்கு வருகிறார்கள். படிக்கப்படும் கணக்கு பல இலட்ச ரூபாய்க் கணக்கு. தேங்காய் விலையை விடாமல் கேட்டவர் அங்கே வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தெருவிளக்குக்கு வாங்கிய பல்பு எத்தனை, மின்மோட்டார் பழுது பார்த்தது எத்தனை முறை என்று அவர் கேட்பதில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு, "முடிந்துவிட்டதா?" என்று மட்டும் கேட்கிறார்.

இந்த வேற்றுமை ஏன் என்று நான் பல நாள் சிந்தித்ததுண்டு. மக்களுக்கு அக்கறை இல்லை என்று சொல்லும் அதிகாரிகள் உண்டு. கொடைக் கணக்கைப் பார்த்தவர் எவரும் அப்படிச் சொல்லத் துணியமாட்டார். கொடைப் பணம் தம் மடியிலிருந்து போனது என்று அவர் நினைக்கிறார். ஊராட்சிப் பணம் சர்க்கார் பணம் என்று நினைக்கிறார். வீட்டு வரியும் குடிநீர்க் கட்டணமும் அவர் மடியிலிருந்து போனவைதாம். அரசு தரும் மானியமும் அவர் கடையில் வாங்கும் தீப்பெட்டியிலும் சோப்பிலும் செலுத்திய வரியிலிருந்து திரும்பி வருவதே. இதை எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்கிறார்கள். இன்னொரு காரணமும் உண்டு. அதுவே பெரிய காரணம் என்பது என் அபிப்பிராயம். கொடைக் கூட்டத்தில் கேட்ட கேள்விக்கு அன்றே விடை கிடைக்கும் என்பது அவருக்குத் தெரியும். கிராம சபையில் கேட்டால் என்ன கிடைக்கும் என்பதும் அவருக்குத் தெரியும்.

இதில் என் குற்றமும் கலந்திருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு வட்டாரத்தில் நான் பணியில் இருந்த காலம். ஒரு கிராம சபைக்குப் பார்வையாளனாகச் சென்றேன். அரசின் திட்டங்களையெல்லாம் மக்களுக்கு விளக்கிவிட வேண்டும் என்ற உற்சாகத்தில் ஒன்றரை மணி நேரம் பேசினேன். என் பேச்சு எனக்கே திருப்தியாக இருந்தது. முடித்தவுடன் முன்வரிசையிலிருந்த ஒரு மூதாட்டி எழுந்து, "அய்யா, நீங்க சொன்னதெல்லாம் சரிதான். போன தடவை எழுதிக்கிட்டுப் போன எங்க ஊருணி என்னாச்சு?" என்று கேட்டார்.

தீர்மானப் பதிவேட்டை வாங்கிப் பார்த்தேன். "ஊருணியைச் சீர்செய்ய ஆவன செய்யத் தீர்மானிக்கப்பட்டது" என்று இருந்தது. அதற்கு முந்திய கூட்டத்தின் பக்கத்தைப் புரட்டினேன். அதிலும் அதே வாக்கியம். அதற்கும் முந்தியதில் மீண்டும் அதே வாக்கியம். மூன்று முறையும் "ஒருமனதாக" என்ற சொல் தவறாமல் எழுதப்பட்டிருந்தது. அந்த மூதாட்டிக்கு நான் என்ன விடை சொன்னேன் என்பது நினைவில்லை. நல்ல விடையாக இருந்திருக்க முடியாது. அன்று முதல் "ஆவன" என்ற சொல்லோடு எனக்கு ஒரு பகை உண்டு.

ஆவன செய்வது என்றால் எதைச் செய்வது? யார் செய்வது? எந்தப் பணத்தில்? எந்த நாளுக்குள்? இந்த நான்கு கேள்விகளுக்கும் விடை இல்லாத தீர்மானம், விதைப்புக்குத் தேதி குறித்துவிட்டு விதை வாங்க மறந்ததைப் போன்றது. "கீழத்தெரு ஊருணியின் தென்கரையில் மதகுக்கு அருகே அரித்துப்போன பகுதியை மண் இட்டுக் கட்டுவது, வரத்துக்காலில் மண்டியுள்ள வேலிக்கருவையை வேரோடு அகற்றுவது, செலவு ஊராட்சிப் பொது நிதியைச் சேர்ந்தது, வைகாசி மாதக் கடைசிக்குள் முடிப்பது, வேலையைப் பார்வையிட்டு அடுத்த கூட்டத்தில் அறிக்கை சொல்ல வேண்டியவர்கள் அந்தத் தெருவைச் சேர்ந்த இன்னார், இன்னார், இன்னார்" என்று எழுதப்படுமானால், அது தீர்மானம். மதிப்பீடு தயாராகவில்லை என்றால், மதிப்பீட்டை யார், எந்த நாளுக்குள் தயாரிப்பது என்பதையே தீர்மானமாக எழுதிக்கொள்ளுங்கள். வேலை சிறிதாகத் தோன்றினாலும் பரவாயில்லை. முடிந்த சிறிய வேலை ஒன்று, அடுத்த கூட்டத்துக்கு நூறு பேரை அழைத்து வரும்.

மதுக்கடை, தொழிற்சாலை, நெடுஞ்சாலை போன்று ஊராட்சியின் கைக்கு எட்டாத காரியங்களிலும் தீர்மானம் போடுகிறீர்கள். தாராளமாகப் போடலாம். அங்கேயும் தீர்மானத்தின் நகல் எந்த அலுவலகத்துக்கு எந்த நாளில் அனுப்பப்பட்டது, பதில் வந்ததா என்பதைக் குறித்து வைத்து அடுத்த கூட்டத்தில் படிக்க வேண்டும். பதில் வரவில்லை என்பதும் படிக்கத் தக்க செய்தியே.

எழுதுவது எப்போது என்பது எழுதுவதைவிட முக்கியம். வருகைப் பதிவேட்டில் கையொப்பம் வாங்கிக்கொண்டு, கூட்டம் கலைந்த பின் அலுவலகத்தில் உட்கார்ந்து தீர்மானங்களை எழுதும் வழக்கம் சில இடங்களில் உண்டு. எழுதுபவர் நேர்மையானவராகவே இருக்கலாம். இருந்தாலும் வெற்றுத்தாளில் கையொப்பம் இடுவது தவறு. அடகுக் கடையில் வெற்றுத்தாளில் கையொப்பம் இடுவீர்களா? மாட்டீர்கள். ஒரு பவுன் நகைக்கு இருக்கும் எச்சரிக்கை ஊர்ச் சொத்துக்கு வேண்டாமா? ஒவ்வொரு பொருளும் முடிவானவுடன் அந்த இடத்திலேயே எழுத வேண்டும், எழுதியதை உரக்கப் படித்துக் காட்ட வேண்டும், "இப்படித்தானே முடிவு செய்தோம்?" என்று சபையைக் கேட்க வேண்டும். எதிர்த்தவர் இருந்தால் எதிர்ப்பையும் எழுத வேண்டும். இதற்குக் கூடுதலாக அரை மணி நேரம் ஆகும். நான் ஒன்றரை மணி நேரம் பேசியதைக் குறைத்தால் அந்த அரை மணி நேரம் தாராளமாகக் கிடைக்கும்.

அடுத்த கூட்டம் இந்தப் பதிவேட்டில்தான் தொடங்க வேண்டும். வரவேற்புரை, பொன்னாடை ஆகியவற்றுக்கெல்லாம் முன்பாக, "சென்ற கூட்டத்தில் ஏழு தீர்மானங்கள் போட்டோம், நான்கு நிறைவேறின, இரண்டு நடைபெறுகின்றன, ஒன்று இந்தக் காரணத்தால் நின்றுவிட்டது" என்று சொல்லிவிடுங்கள். நின்றுபோனதைச் சொல்லத் தயங்க வேண்டாம். மறைத்தால்தான் மக்கள் கோபிக்கிறார்கள். உள்ளதைச் சொன்னால் யோசனை கூறுகிறார்கள்.

ஊர்மடத்துக் கூட்டத்தை இவ்வளவு புகழ்ந்தேன். அதன் குறையையும் சொல்லாவிட்டால் நடுநிலை ஆகாது. அங்கே பெண்கள் உட்காருவதில்லை. ஒரு தெருவின் கூட்டத்தில் மற்றொரு தெருவுக்கு இடமில்லை. நாட்டாண்மை சொன்னதற்கு மேல் சொல் இல்லை. கிராம சபை அப்படிப்பட்டதன்று. அரசியலமைப்பின் 73-ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24-இல் நடைமுறைக்கு வந்தது. அதையொட்டி நம் மாநிலத்தில் 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம் வந்தது. அச்சட்டப்படி ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர். ஊராட்சியின் திட்டத்துக்கும் வரவு செலவுத் திட்டத்துக்கும் ஒப்புதல் அளிப்பது, தணிக்கை அறிக்கையைப் பரிசீலிப்பது, நடைபெறும் பணிகளை ஆராய்வது ஆகியவை அதன் அதிகாரங்கள். 2005-ஆம் ஆண்டின் ஊரக வேலையுறுதிச் சட்டம் வந்தபோது, நடந்த வேலைகளைச் சமூகத் தணிக்கை செய்யும் பொறுப்பையும் கிராம சபையிடமே ஒப்படைத்தது.

ஊராட்சி மன்றத்துக்கு ஆயுள் ஐந்தாண்டு. 2019 டிசம்பர்த் தேர்தலில் அமைந்த நம் மன்றங்களின் காலம் 2025 ஜனவரி 5-ஆம் நாளோடு முடிந்தது; ஊராட்சிகள் தனி அலுவலர்களின் பொறுப்பில் வந்தன. அதே மாதம் 26-ஆம் நாள் கிராம சபை வழக்கம்போலக் கூடியது. தலைவர் வருவார், போவார்; தேர்தல் நடக்கும், தள்ளிப்போகும்; கிராம சபைக்குக் காலாவதி கிடையாது. "மன்றம் இல்லாதபோது கூட்டம் எதற்கு?" என்று கேட்டவர்களுக்கு நான் சொன்ன விடை இதுதான்: மன்றம் இல்லாத காலத்தில்தான் சபை கூடுதலாக விழித்திருக்க வேண்டும்.

கூடும் நாட்களைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச விரும்புகிறேன். ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களில் கிராம சபை கூடிவந்தது. 2022-ஆம் ஆண்டில் உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22-உம், உள்ளாட்சி நாளாகிய நவம்பர் 1-உம் சேர்ந்து ஆறாயின. இந்த ஆறு நாட்களும் நாட்காட்டியைப் பார்த்துக் குறிக்கப்பட்டவை. நம் கரிசலுக்கு வேறொரு நாட்காட்டி உண்டு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அக்டோபர் 2 என்பது புரட்டாசி நடுப்பகுதி. மழையை எதிர்பார்த்து உளுந்தும் பாசியும் கம்பும் சோளமும் மக்காச்சோளமும் விதைக்கும் பருவம். மேகம் கறுத்தால் ஒரு மனிதனும் ஊரில் இருக்கமாட்டான், இருக்கவும் கூடாது. 2018 முதல் அடுத்த ஆண்டுக்கான கிராம வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிக்கும் மக்கள் இயக்கம் தொடங்கும் நாளாகவும் இந்த நாளே குறிக்கப்பட்டது. விவசாயி மிகவும் ஓய்வற்றிருக்கும் நாளில் ஆண்டு முழுவதற்குமான திட்டத்தைப் பற்றி அவர் அபிப்பிராயம் சொல்ல வேண்டியிருக்கிறது! நாளை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை. ஆனால் ஆவணி மாதத்திலேயே, வார்டு வார்டாக, மாலை நேரத்தில் சிறு கூட்டங்கள் நடத்தி, தேவைகளைப் பட்டியலிட்டு வைத்துக்கொள்ள எந்தச் சட்டமும் தடை சொல்லவில்லை. அப்படிச் செய்தால் அக்டோபர் 2 அன்று பட்டியலைப் படித்து, முன்னுரிமை குறித்து, ஒரு மணி நேரத்தில் முடித்துக்கொண்டு வயலுக்குப் போகலாம்.

மே 1 சித்திரை மாதத்தில் வருகிறது. ஊருணியின் அடித்தரை தெரியும் காலம் அதுவே. எங்கே மண் மேடிட்டிருக்கிறது, எங்கே கரை அரித்திருக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்கலாம். கரம்பை மண்ணை நிலத்தில் அடிக்க ஏற்ற பருவமும் அதுதான். ஆதலால் நீர்நிலைப் பேச்சை மே மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்துக்கு முதல் நாள் மாலையில் பத்துப் பேர் ஊருணியையும் வரத்துக்காலையும் நடந்து பார்த்துவிட்டு வந்தால், மறுநாள் விவாதம் பாதியாகக் குறையும். கண்ணால் பார்த்தவர்கள் அதிகம் சண்டையிடுவதில்லை. ஆகஸ்டு 15 ஆடிக் கடைசி; மே மாதம் முடிவு செய்த வேலை மழைக்கு முன் முடிந்ததா என்று கணக்குக் கேட்க அதைவிட நல்ல நாள் இல்லை. பயிர்க் காப்பீடு, விதை, உரம் ஆகியவை பற்றி வேளாண்மைத் துறை அலுவலரை அழைத்துக் கேட்கவும் அதுவே தக்க நாள். விதைத்த பிறகு கேட்டுப் பயனில்லை. தை மாதக் கூட்டத்தில் விளைச்சலும் களமும் உலர்தளமும் பேச்சில் தாமாகவே வந்துவிடும்.

மார்ச் 22 பங்குனியில் வருகிறது. மிளகாய்ப் பழம் எடுக்கும் கைகளுக்கு ஓய்வில்லை. மேலும் ஒரு சங்கடம் உண்டு. ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நான்கும் தொழிற்சாலைகளுக்குச் சட்டப்படி விடுமுறை நாட்கள். மற்ற இரண்டும் அப்படியல்ல. நம் கிராமங்களிலிருந்து தீப்பெட்டி ஆலைகளுக்கும் பிற ஆலைகளுக்கும் விடியற்காலையில் வேன் ஏறிப் போகும் பெண்கள் எத்தனை பேர் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த இரண்டு நாட்களில் பகல் பதினொரு மணிக்குக் கூட்டம் என்றால், அவர்கள் வர வேண்டாம் என்று நாமே சொன்னதாகிறது. முதல் நாள் இரவு அவர்கள் தெருவுக்குப் போய் அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதி வந்து, மறுநாள் சபையில் படிப்பது குறைந்தபட்சக் கடமை.

வேம்பார்ப் பக்கம் போனால் வேறு கணக்கு. பதநீர்க் காலத்தில் பனையேறும் அன்பர்கள் காலையிலும் மாலையிலும் மரத்தின் மேல் இருப்பார்கள். நடுப்பகலில் வர முடியும். அந்த நேரத்தில் அவர் வீட்டுப் பெண்மணி அடுப்படியில் பதநீர் காய்ச்சிக்கொண்டிருப்பார். அவரால் வர முடியாது. உள்நாட்டில் கரிமூட்டம் போடுவோர் மூட்டத்தை விட்டு நகர முடியாத நாட்கள் உண்டு. ஆகையால் ஒரே விதியை எல்லா ஊருக்கும் நான் சொல்லப் போவதில்லை. யார் வரவில்லை என்பதை ஒவ்வொரு கூட்டத்திலும் எண்ணிப் பாருங்கள். வந்தவர்களை எண்ணுவது சுலபம்; அதற்குப் பதிவேடு இருக்கிறது.

வந்தவர்களை எண்ணுவதற்கும் விதி இருக்கிறது. மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 501 முதல் 3,000 வரை 100 பேர், 3,001 முதல் 10,000 வரை 200 பேர், அதற்கு மேற்பட்டால் 300 பேர் என்று குறைவெண் வகுத்திருக்கிறார்கள். வேலைத்தளத்திலிருந்து ஆட்களை வரிசையாக அழைத்து வந்து இந்த எண்ணிக்கையை நிரப்பிவிடலாம். நிரப்பியும் இருக்கிறோம். அப்படி வந்தவர்கள் கையொப்பம் இட்டுவிட்டுத் திரும்பிப் போனால் குறைவெண் நிறைவேறும், சபை நிறைவேறாது.

இடத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கோயில், சர்ச், பள்ளிவாசல் போன்ற வழிபாட்டு இடங்களில் கூடக் கூடாது. தாய்க்கிராமத்திலேயே எப்போதும் கூடாமல் குக்கிராமங்களிலும் காலனியிலும் சுழற்சி முறையில் கூட வேண்டும் என்பது அரசின் அறிவுரை. இதன் பயன் வேறொன்றும் உண்டு. காலனித் தெருவில் கூட்டம் நடந்தால், அந்தத் தெருவின் சாக்கடையையும் குழாயையும் பார்க்காமல் எவரும் கூட்டத்துக்கு வந்து சேர முடியாது.

பெரிய கூட்டத்தில் பேசத் தெரிந்தவர்கள் பத்துப் பேர். பேச வேண்டியவர்கள் நூறு பேர். இதற்கு என்ன வழி? நம் அண்டை மாநிலமான கேரளத்தில் 1996-ஆம் ஆண்டு மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியபோது ஒரு முறையைக் கையாண்டார்கள். அங்கே கிராம சபை வார்டு அளவில் கூடுவது. எல்லோரும் சற்று நேரம் ஒன்றாக உட்கார்ந்து விஷயத்தைக் கேட்டபின், விவசாயம், குடிநீர், கல்வி, சுகாதாரம் என்று பொருள்வாரியாகச் சிறு குழுக்களாகப் பிரிந்து உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு குழுவிலும் பயிற்சி பெற்ற ஒருவர் கேள்விகளைக் கேட்டு, சொன்னதைக் குறித்துக்கொண்டார். பிறகு மறுபடி ஒன்றுகூடி, குழுக்களின் முடிவுகளைப் படித்தார்கள். நம் ஊரில் இதைச் செய்வது கடினமன்று. வேப்பமரத்தடியில் ஒரு குழு, பள்ளித் திண்ணையில் ஒரு குழு, அங்கன்வாடி முற்றத்தில் பெண்கள் மட்டும் ஒரு குழு. மகளிர் சுய உதவிக் குழுக்களில் வாரந்தோறும் கணக்கெழுதிப் பழகிய பெண்கள் ஒவ்வொரு கிராமத்திலும் இருக்கிறார்கள். குறிப்பெடுக்க அவர்களைவிடத் தகுதியானவர்கள் யார்? அரை மணி நேரம் போதும். மாமனார் முன்னிலையில் வாய் திறவாத மருமகள் அந்த முற்றத்தில் தண்ணீரைப் பற்றிப் பேசுவதைக் கேளுங்கள். எந்தக் குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் நிற்கிறது என்பதை நமது பொறியாளரைவிடத் துல்லியமாகச் சொல்வார்.

2016-இல் உள்ளாட்சிப் பதவிகளில் சரிபாதியைப் பெண்களுக்கு ஒதுக்கும் சட்டம் நம் மாநிலத்தில் வந்தது. தலைவியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் மேடையின் ஓரத்தில் அமர, அவருடைய கணவர் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தை நடத்திய காட்சியையும் நான் கண்டதுண்டு. அந்தக் கணவர்மார்கள் நல்ல எண்ணத்தோடு உதவி செய்வதாகச் சொல்கிறார்கள். நல்லது, உதவியை வீட்டில் செய்யட்டும். சபையில் அவரும் ஒரு வாக்காளர். மற்றவர்களோடு தரையில் உட்கார்ந்து கேள்வி கேட்கலாம்.

இனி, கூட்டத்தில் எழும் எதிர்ப்பைப் பற்றி. "எங்கள் ஊரில் ஒருவர் இருக்கிறார், எதைச் சொன்னாலும் எதிர்ப்பார், அவரை என்ன செய்வது?" என்று அடிக்கடி கேட்கிறீர்கள். இந்தக் கேள்வி பழையது. எவ்வளவு பழையது என்றால், ஏறக்குறைய 1,200 ஆண்டுகள் பழையது. திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் செல்லும் சாலையில் மானூர் என்ற ஊர் இருக்கிறது. அங்கே பாண்டிய மன்னன் மாறஞ்சடையனின் 35-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று உள்ளது. கி.பி. 800-ஐ ஒட்டியது என்று அறிஞர்கள் கணித்திருக்கிறார்கள். அவ்வூர்ச் சபையார் கூடி, தங்கள் சபை எப்படி நடக்க வேண்டும் என்று தாங்களே விதி செய்து கல்லில் வெட்டிவைத்தார்கள். சபையில் வரும் ஒவ்வொரு காரியத்துக்கும் "அன்று, அன்று" என்று மறுத்துக்கொண்டே இருப்பவருக்கும், அவருக்குத் துணை நிற்பவருக்கும், காரியம் ஒன்றுக்கு ஐந்து காசு தண்டம் என்பது அவ்விதிகளுள் ஒன்று. தண்டம் கட்டிய பிறகும் அவர் அதே விதிகளுக்குக் கட்டுப்பட்டே ஆக வேண்டும்.

அந்தச் சபையை நாம் அப்படியே பின்பற்ற முடியாது. நிலப் பங்குடையவர்களும் வேதம் பயின்றவர்களும் மட்டுமே அங்கே இடம் பெற்றார்கள். உழுதவனுக்கும் பெண்ணுக்கும் அங்கே இடமில்லை. இன்று 18 வயது நிரம்பி, வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவருக்கும் சபையில் இடம் உண்டு. இருப்பினும் அந்த விதியைக் கூர்ந்து பாருங்கள். எதிர்த்தவர் எல்லோருக்கும் தண்டம் என்று அவர்கள் எழுதவில்லை. எல்லாவற்றையும் எதிர்ப்பவருக்கே தண்டம். ஒரு காரியத்தை ஒரு காரணத்தோடு எதிர்ப்பவர் சபைக்குப் பகைவர் அல்லர். "இந்த இடத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டால் உப்புத் தண்ணீர்தான் வரும், என் தகப்பனார் காலத்தில் தோண்டிப் பார்த்திருக்கிறோம்" என்று ஒருவர் எழுந்து தடுக்கிறார் என்றால், அவர் ஊராட்சிக்குப் பல இலட்சம் ரூபாயை மிச்சப்படுத்துகிறார். அவரை உட்காரச் சொல்வது பேதைமை.

எதையும் எதிர்ப்பவரிடம் தலைவர் சொல்ல வேண்டியது ஒன்றே: "சரி, இதற்குப் பதிலாக எதைச் செய்யலாம் என்று சொல்லுங்கள்; எழுதிக்கொள்கிறேன்." யோசனை இருந்தால் அவர் சொல்லுவார், சபைக்கு லாபம். இல்லாவிட்டால் தாமாகவே உட்காருவார். அவரோடு வாதாடி வெல்ல முயலும் தலைவர் கூட்டத்தின் நேரத்தை அவருக்குத் தானமாகக் கொடுத்துவிடுகிறார்.

என் அனுபவத்தில் எதிர்ப்பவரைவிடப் பெரிய இடையூறு வேறொருவரால் வருகிறது. எதற்கும் "ஆமாம், ஆமாம்" என்று தலையசைப்பவரைச் சொல்கிறேன். மானூர்ச் சபையார் இன்று நம் கூட்டங்களுக்கு வந்து பார்த்தால், "ஆம்" என்பதற்கும் ஐந்து காசு தண்டம் விதித்திருப்பார்கள். மூன்று கூட்டங்களில் ஒரே ஊருணிக்கு ஒரே தீர்மானம் ஒருமனதாக நிறைவேறிய ஊரில், முதல் கூட்டத்திலேயே ஒருவர் எழுந்து "யார் செய்வது?" என்று தடுத்திருந்தால், அந்த மூதாட்டி என்னிடம் கேட்க வேண்டிய அவசியம் நேர்ந்திருக்காது.

கணக்கைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. உத்தரமேரூர்க் கல்வெட்டுகளைப் பற்றிப் பள்ளியில் படித்திருப்பீர்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-இலும் 921-இலும் வெட்டப்பட்டவை. குடவோலையைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறோம். அங்கே வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்தில் இடக் கூடாது என்று விதித்தார்கள். அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் இடக் கூடாது என்றார்கள். உறவினரையும் சேர்த்தது கடுமையாகத் தோன்றலாம். கொடைக் கணக்கு நோட்டை வைத்திருக்கும் பெரியவரைக் கேட்டுப் பாருங்கள். கடுமை என்று சொல்லமாட்டார். ஊராட்சிக் கணக்கையும் அந்தப் பெரியவர் படிப்பதுபோல் படியுங்கள். தலைப்புவாரியாக மொத்தத் தொகையை மட்டும் வேகமாக வாசித்துவிட்டால் எவருக்கும் ஒன்றும் விளங்காது. "இரண்டாவது வார்டு மோட்டார் பழுது, இந்தத் தேதி, இவ்வளவு ரூபாய்" என்று சொன்னால், அந்த வார்டுக்காரர் உடனே நிமிர்ந்து உட்காருவார். ரசீதுகளை ஒரு கட்டாகக் கட்டி மேசை மேல் வைத்துவிடுங்கள். யாரும் எடுத்துப் பார்க்காவிட்டாலும் அவை அங்கே இருக்க வேண்டும்.

எனக்குக் கொடுத்த நேரம் முடிகிறது. ஒன்றரை மணி நேரம் பேசும் பழக்கத்தை நான் விட்டுவிட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். அதைக் காப்பாற்ற வேண்டும். நீங்கள் எல்லோரும் உங்கள் ஊராட்சியின் தீர்மானப் பதிவேடுகளைக் கொண்டு வந்திருக்கிறீர்கள். உணவுக்குப் பின் ஐந்து ஐந்து பேராக உட்கார்ந்து அவற்றைத் திறப்போம். சென்ற ஆறு கூட்டங்களின் தீர்மானங்களை ஒவ்வொன்றாகப் படித்து, எவற்றில் ஆள், பணம், தேதி ஆகிய மூன்றும் இருக்கின்றன என்று பச்சை மையால் குறியுங்கள். "ஆவன" என்று வரும் இடங்களைச் சிவப்பு மையால் சுழியுங்கள். இரண்டு மைப் பேனாக்களும் மேசையில் வைக்கப்பட்டிருக்கின்றன. சிவப்பு கூடுதலாகச் செலவாகும் என்று நினைத்து அதை மட்டும் இரண்டு பெட்டி வாங்கியிருக்கிறோம்; ரசீது என்னிடம் இருக்கிறது.